காக்களூர் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறுமா?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். மாணவர்களுக்கான விலையில்லா லேப்டாப் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இடம், திருவள்ளூரை ஒட்டியிருக்கும் காக்களூர். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் அதே நாளில்தான் தொடங்கியது. அன்று கொடுத்த மிக்ஸிக்கு மோட்டார் ஓடினால் போதும், இன்றைக்கும் சட்னி அரைத்துவிடும். லேப்டாப்பின் பாடு அப்படியில்லை. அது நல்லபடியாக ஓடினாலும், ஓட்டுகிற மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் பட்டியலில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கைமாறின. கொள்முதல் செய்தது தமிழக அரசு நிறுவனமான எல்காட். தொடக்கக் கால லேப்டாப்களில் 2 ஜிபி ராம், விண்டோஸ், கூடவே சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பிளஸ் டூ காலத்தில் அதை வாங்கிய பிள்ளைகள் இப்போது முப்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். லேப்டாப்களில் பல பரணுக்குப் போய்விட்டன, சில விற்கப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பவை தம்பி தங்கைகளின் ஆன்லைன் வகுப்புக்கும், சிறு பட்டறைகளின் பில் போடும் மேசைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி சர்வீஸ் கடைகளில், 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு இவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, இதுல லெவன் போட முடியுமா?”

அந்தத் தேதியில்தான் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11 கேட்பவை கொஞ்சம் அதிகம். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதி, சாவிகளைப் பூட்டிவைக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், இவற்றோடு ஓர் அங்கீகரிக்கப்பட்ட பிராசசர். அதாவது இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். அரசு லேப்டாப் மட்டுமல்ல, 2017-இல் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ7 லேப்டாப்கள்கூட, ஒன்றிரண்டு மாடல்கள் நீங்கலாக, இந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கின்றன.

“சப்போர்ட் இல்லை” என்று திரையில் வரும் ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. நிறுவனம் “எங்கள் பட்டியலில் இல்லை” என்று மறுப்பது ஒன்று. சிப்புக்கே அந்த வேலை தெரியாமல் இருப்பது இன்னொன்று. முதலாவதைச் சுற்றிப் போகலாம், இரண்டாவதை முடியாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் பென்டிரைவைச் செருகுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும்.

டிபிஎம் விஷயம் பெரும்பாலும் முதல் வகை. லேப்டாப் எழும்போதே திறக்கும் பயாஸ் அமைப்பில் அதை அணைத்தே வைத்திருப்பார்கள். இன்டெல் லேப்டாப்களில் அது பிடிடி என்ற பெயரில் ஒளிந்திருக்கும். ரன் பெட்டியில் டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று அடித்தால் சிப் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். பயாஸில் ஒரு வரியை இயக்கியதும் “தகுதி இல்லை” என்ற லேப்டாப் தகுதி பெற்றுவிடுவது உண்டு. ஆனால் லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், இந்த அமைப்பில் கைவைத்த பிறகு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடக்கூடும். அதை முன்கூட்டியே எழுதி வைக்காதவர்கள் தங்கள் படங்களையும் கணக்குகளையும் தாங்களே பூட்டிக்கொண்டவர்கள் ஆகிறார்கள்.

டிபிஎம்மே இல்லாத லேப்டாப்புக்கும் வழி உண்டு. பென்டிரைவை பூட்டபிளாக மாற்றித் தரும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள், டிபிஎம், செக்யூர் பூட், 4 ஜிபி ராம் ஆகிய மூன்று சோதனைகளையும் நீக்கிவிடட்டுமா என்று தானே கேட்கிறது. ‘ஆம்’ சொன்னால், இன்ஸ்டாலர் அந்தக் கேள்விகளைக் கேட்காமலே கடந்துபோகும். இப்படிப் போட்டால் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்கள் பொதுவாக வரும், வந்தே தீரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு மட்டும் தானாக வராது. மறுபடியும் பென்டிரைவோடு உட்கார வேண்டும்.

ரூஃபஸாலும் ஆகாதது பாப்கவுன்ட். ஓர் எண்ணில் எத்தனை ‘ஒன்று’ இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் மிகச் சிறிய பிராசசர் கட்டளை அது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, அந்தக் கட்டளையும் அது சேர்ந்த எஸ்எஸ்இ 4.2 தொகுப்பும் இல்லாத பிராசசரில் பூட் ஆகவே ஆகாது. இன்டெல்லின் கோர் 2 டுவோ தலைமுறைக்கு இது தெரியாது, அதற்கடுத்து வந்த கோர் ஐ வரிசைக்குத் தெரியும். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பழைய லேப்டாப்களில் ஒன்றில் ஏறி இன்னொன்றில் ஏறாமல் போவதற்குக் கைராசி காரணமல்ல, உள்ளே இருக்கும் இந்தச் சின்ன வித்தியாசம்தான் காரணம்.

ஓஎஸ் ஏறிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். வைஃபை இருக்காது. சவுண்டு வராது. லினக்ஸ் போட்டிருந்தால் சில சமயம் கறுப்புத் திரை மட்டும் நிற்கும். அப்போது பூட் மெனுவில் நோமோட்செட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், லினக்ஸ் கிராபிக்ஸ் சிப்பைத் தன் இஷ்டத்துக்கு அமைக்காமல் எளிய முறையில் திரையை எழுப்பும். பிறகு சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். “பூட் டிவைஸ் இல்லை” என்று வந்தால் பயாஸ் பழைய லெகசி முறையில் இருக்கிறதா, புதிய யுஇஎஃப்ஐ முறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பென்டிரைவை ஒன்றுக்குத் தயாரித்துவிட்டு லேப்டாப் மற்றதில் இருந்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

வைஃபை கிடைக்காதபோது பலரும் செய்வது, லேப்டாப் மாடல் பெயரைத் தேடி, ‘டிரைவர் பேக்’ என்று கண்ணில் படுவதையெல்லாம் இறக்குவது. தேவையே இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்ட வரியைத் திறந்து, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட எண் வரும். அதில் ‘வென்’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் நான்கு குறிகள் சிப்பைச் செய்த நிறுவனத்தைச் சொல்லும். 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 8086 என்றால் இன்டெல். 1978-இல் வெளியிட்ட பிராசசரின் எண்ணையே இன்டெல் தன் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது. அடுத்து வரும் ‘டெவ்’ எண், எந்த சிப் என்று சொல்லிவிடும். லேப்டாப்பின் மேல் யார் பெயர் பொறித்திருந்தாலும் உள்ளே இருக்கும் சிப்புக்குத்தான் டிரைவர். லினக்ஸில் 14இ4 என்று வந்தால், அந்த பிராட்காம் சிப்களில் பலவற்றுக்குத் தனி ஃபர்ம்வேர் வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எளிய வழி, போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுவது.

ஓஎஸ் மேல் விழும் பழி எல்லாமே ஓஎஸ்ஸின் குற்றமல்ல. பயாஸுக்கான பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். உடனே எல்லா இணையதளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று பிரவுசர் மறுக்கும், அப்டேட் தோற்கும். புது ஓஎஸ் ஹேங் ஆகிறது என்று சொல்லப்படுவதில் கணிசமானவை சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கின் வேலை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஸ்டீல் மில், ஃபவுண்டரி ஷெட்டுகளில் புழங்கும் லேப்டாப் திடீரென்று அணைந்தால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது விசிறியை. தூசி அடைத்துச் சூடேறினால் எந்த ஓஎஸ்ஸாக இருந்தாலும் படுத்துவிடும்.

சிப்காட் தொழிற்பேட்டைகளில் இதே பிரச்சினை தலைகீழாக நடக்கிறது. வீட்டில் பழைய லேப்டாப்பில் புது ஓஎஸ் போடப் பார்க்கிறார்கள். ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு, புது லேப்டாப்பில் பழைய ஓஎஸ் தேவைப்படுகிறது. பதினைந்து, இருபது வயதான எந்திரத்தை இயக்கும் பிஎல்சியோடு பேசும் மென்பொருள் எக்ஸ்பியையோ விண்டோஸ் 7-ஐயோ தாண்டி வரவில்லை என்றால், எலெக்ட்ரீஷியன் வேறென்ன செய்வார்? புது லேப்டாப்பில் விண்டோஸ் 7-ஐ ஏற்றப் பார்த்தால் இன்ஸ்டாலரின் முதல் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் செத்துவிடும். யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் அந்த இன்ஸ்டாலரில் கிடையாது. பென்டிரைவில் முன்கூட்டியே அதைச் சேர்த்துக்கொண்டால் ஒழிய நகராது.

அதைவிடத் தலைவலி கேபிள். இந்தப் பழைய பிஎல்சிக்கும் சிஎன்சி எந்திரத்துக்கும் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் வேண்டும், இன்றைய லேப்டாப்பில் அது இல்லை. யுஎஸ்பி டு சீரியல் கேபிள் ஒன்றை மாட்டுவார்கள். அதில் பெரும்பாலும் தைவானின் புரோலிஃபிக் நிறுவனத்து பிஎல்2303 சிப், அல்லது அதைப் பார்த்துச் செய்த போலி இருக்கும். விண்டோஸ் 11-இல் மாட்டியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். திறந்தால், இந்த சிப் 2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கும். இரவு ஷிஃப்டில், லைன் நின்றுகொண்டிருக்கும்போது!

கேபிள் கெட்டுவிட்டதாக நினைத்து அதைத் தூக்கி எறிகிறவர்களே அதிகம். அதே கேபிளை ஒரு லினக்ஸ் லேப்டாப்பில் மாட்டினால் மறுபேச்சில்லாமல் வேலை செய்யும். போலிகள் பெருகியதும் புரோலிஃபிக் தன் புது டிரைவரில் பழைய சிப்களுக்கும் சேர்த்துக் கதவை அடைத்துவிட்டது. இதுவும் பட்டியல் தடைதான். டிவைஸ் மேனேஜரில் ‘அப்டேட் டிரைவர்’ வழியாகப் போய், பட்டியலிலிருந்து பழைய பதிப்பு டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்தால் பல கேபிள்கள் உயிர்பெறும். பிறகு விண்டோஸ் அப்டேட் அதை மறுபடி மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஃப்டிடிஐ என்ற இன்னொரு சிப் நிறுவனம் 2014-இல் ஒரு படி மேலே போய், போலி சிப்களின் அடையாள எண்ணைச் சுழியாக்கி முடக்கும் டிரைவரையே விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பியது. கூச்சல் கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. கேபிளை நல்ல நம்பிக்கையில் வாங்கியவனைத் தண்டிப்பது என்ன நியாயமோ.

ஆலைக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. லேப்டாப்பில் புது ஓஎஸ் இருக்கட்டும், அதற்குள் கணினிக்குள் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு அதில் எக்ஸ்பியையோ விண்டோஸ் 7-ஐயோ ஓட்டி, யுஎஸ்பி கேபிளை நேரே உள்ளே திருப்பிவிடலாம். லேப்டாப் மாறினாலும் அந்த ஒரே கோப்பை நகலெடுத்து எடுத்துச் செல்லலாம். அது முடியாமல் பழைய ஓஎஸ்ஸிலேயே நேரடியாக ஓடும் லேப்டாப்பை ஆலையின் நெட்வொர்க்கில் இணைக்கவே கூடாது. 2017 மே மாதம் உலகைச் சுற்றிய வான்னாகிரை வைரஸ், மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்த பேட்சைப் போடாத கணினிகளைத்தான் பிடித்தது. பிடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதன் ஒரு வகை, தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளுக்குள் புகுந்து உற்பத்தியை நிறுத்தியது. அவ்வளவு பெரிய ஆலையில், புதிதாகக் கொண்டுவந்த ஓர் எந்திரத்தைச் சோதிக்காமல் நெட்வொர்க்கில் மாட்டியதுதான் காரணம்.

வீட்டு லேப்டாப்புக்குத் திரும்பினால், 2 ஜிபி ராம் உள்ள பழைய அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐத் திணிப்பது வீண் வேலை. ஏறினாலும் தவழும். ‘லைட் விண்டோஸ்’ என்று யாரோ வெட்டிக் குறைத்துப் பென்டிரைவில் சுற்றவிடுவதைப் போடுவது அதைவிட மோசம். என்னென்ன வெட்டினார்கள், என்ன சேர்த்தார்கள் என்பது போட்டவருக்கும் தெரியாது. திருவள்ளூரிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ மின்சார ரயில் பிடித்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால், பழைய டிடிஆர்3 ராமும் சாட்டா எஸ்எஸ்டியும் கிடைக்கும். ராம் வாங்கும்போது குறைந்த வோல்டேஜ் வகையா, சாதா வகையா என்று பழையதன் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்வது நல்லது. எஸ்எஸ்டியும் 4 ஜிபி ராமும் மாட்டி லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ லுபுண்டுவையோ போட்டால் பாடம் படிக்க, தமிழில் தட்டச்சு செய்ய, வீடியோ பார்க்கப் போதுமானது. போடுமுன் பென்டிரைவிலிருந்தே ‘லைவ்’ ஆக ஓட்டி வைஃபை, சவுண்டு, கேமரா மூன்றையும் சோதித்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைட்டும் மாறாது.

காக்களூர் சிட்கோ எஸ்டேட் மாதிரி இடங்களில் சிறு பட்டறை நடத்துகிறவருக்கு மட்டும் இந்த யோசனை ருசிக்காது. கணக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும், டாலி விண்டோஸுக்காகச் செய்தது. இப்படிப்பட்டவர்களுக்கு இருக்கும் அவகாசம், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தனிநபர்களுக்கு அறிவித்த கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்ட வேண்டாம், இல்லாவிட்டால் 30 டாலர். அது 2026 அக்டோபர் 13 வரை செல்லும். அதற்கு முன் டாலி டேட்டாவை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதியும் இன்னொரு லேப்டாப்பில் ஒரு பிரதியும் எடுத்து, எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.