உங்களுக்குத் தெரியுமா? அச்சகத் தொழிலாளரின் அரிப்பு

ஆஃப்செட் அச்சகத்தில் பல வருடம் ஒரே மையைத் தொட்டு வேலை பார்த்தவருக்குத் திடீரென விரலிடுக்கில் கொப்புளமும் அரிப்பும் வரலாம். "இத்தனை நாள் வராதது இப்போது எப்படி?" என்பார்கள். ஒவ்வாமையின் இயல்பே அதுதான். ஒரு வேதிப்பொருளை எதிரியாகப் பதிந்துகொள்ள உடலுக்கு வாரங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. அதுவும், பட்டவுடன் வராது. ஒன்றிரண்டு நாள் கழித்தே தோல் தடிக்கும். காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடாவது இதனால்தான்.

புற ஊதா ஒளியில் நொடியில் உலரும் மைகளில் உள்ள அக்ரிலேட்டுகள் முக்கியக் குற்றவாளிகள். உலர்ந்த அச்சைவிட, உலராத மையே ஆபத்து. (ஜெல் நகப்பூச்சிலும் இதே குடும்பம்தான்!) மெல்லிய லேடெக்ஸ் கையுறையை இவை சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், நைட்ரைல் கையுறை மேலானது, ஆனால் அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். அச்சுத் தகடு தயாரிப்பில் முன்பு பரவலாக இருந்த டைக்ரோமேட் உப்புகளும் ஒவ்வாமை தருபவை.

மண்ணெண்ணெய், தின்னர் ஊற்றிக் கை கழுவுவது மோசமான பழக்கம். தோலின் எண்ணெய்ப்பசை போய், மற்ற ரசாயனங்களுக்கு வழி திறக்கும்.

ஒவ்வாமையைக் கண்டறிய ஒட்டுச் சோதனை உண்டு. 1895-இல் தோல் மருத்துவர் யோசெஃப் யாடாசோன் அறிமுகப்படுத்தியது. சந்தேகப் பொருட்களை முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள்.

விடுமுறையில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் அரிப்பு கூடுகிறதா? தோல் மருத்துவரிடம் போகும்போது மை, கழுவு திரவ டப்பாக்களின் லேபிளைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.