வாயேஜரின் பதில் வர எத்தனை மணி நேரம்?

2023 நவம்பரில் வாயேஜர் 1 விண்கலம் பொருளற்ற தகவல்களை அனுப்பத் தொடங்கியது. அதன் கணினியில் ஒரு நினைவகச் சில்லு பழுதாகியிருந்தது. அதிலிருந்த நிரலை வேறு இடங்களுக்கு மாற்றும் கட்டளையை நாசா பொறியாளர்கள் 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். பலன் தெரிந்தது ஏப்ரல் 20-இல்தான். 1977-இல் கிளம்பிய கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது!

நடுவில் ஏன் அவ்வளவு காத்திருப்பு? நேரம் = தூரம் ÷ வேகம். பள்ளியில் படித்த இந்தச் சூத்திரமே போதும். கலம் அப்போது சுமார் 24,00,00,00,000 கி.மீ. தொலைவில் இருந்தது. ரேடியோ அலை நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. செல்லும். இத்தனை சுழிகளில் ஒன்று விட்டுப்போனாலும் விடை பத்து மடங்கு பிசகிவிடும்.

அறிவியல் குறியீட்டில் இவை 2.4 × 10¹⁰, 3 × 10⁵ என்று சுருங்கிவிடுகின்றன. முன்னால் நிற்கும் எண் ஒன்றுக்குக் குறையாமல், பத்தை எட்டாமல் இருக்க வேண்டும். மிச்சமெல்லாம் பத்தின் அடுக்கில். வகுக்கும்போது அடுக்கிலிருந்து அடுக்கைக் கழிக்கிறோம்: 10 − 5 = 5. இதை முதலில் செய்யுங்கள் என்பேன். விடை எந்த அளவில் வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு 2.4 ÷ 3 = 0.8. ஆக 0.8 × 10⁵ நொடி. 0.8 ஒன்றைவிடச் சிறியது என்பதால், புள்ளியை ஓரிடம் வலப்பக்கம் தள்ளி அடுக்கில் ஒன்றைக் குறைக்கிறோம்: 8 × 10⁴ நொடி. 3,600-ஆல் வகுத்தால் 22 மணி நேரத்துக்குச் சற்று மேல். கட்டளை போய்ச் சேர அவ்வளவு, பதில் வர அவ்வளவு.

இனி கலத்தின் வேகத்தை எடுத்துக்கொள்வோம்: நொடிக்கு 17 கி.மீ., அதாவது 1.7 × 10¹. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரி சுமார் 4 × 10¹³ கி.மீ. தொலைவில் இருக்கிறது. வாயேஜர் அந்தத் திசையில் போகவில்லை. போவதாக வைத்துக்கொண்டால் 2.35 × 10¹² நொடி ஆகும். ஓராண்டுக்கு 3.15 × 10⁷ நொடி. வகுத்தால் 7.5 × 10⁴, அதாவது 75,000 ஆண்டுகள்.

அலகில் மட்டும் கவனம் வேண்டும். வேகம் நொடிக் கணக்கில் இருந்தால் விடையும் நொடியில்தான் வரும். இதே வேகத்தை மணிக்கு 6.1 × 10⁴ கி.மீ. என்று எடுத்துச் செய்து பாருங்கள். முதலில் மணி நேரத்தில் ஒரு விடை வரும். அதை ஓராண்டின் 8.76 × 10³ மணி நேரத்தால் வகுத்தால் அதே 75,000 ஆண்டுகள் கிடைக்கும்.