கண்டுமுதலும் நாட்டின் கணக்கும்

2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. முந்தைய ஆண்டு ஜூன் 12-ல் திறந்திருக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பர் 20-ல்தான் திறந்தது. அதை நம்பி விதைத்த சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழையும் கைகொடுக்கவில்லை. வழக்கமான அளவில் 62 சதவீதம் குறைந்துபோனது. கடைமடை வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அதே 2016-17-ல் இந்தியாவின் உணவு தானிய உற்பத்தி 27.5 கோடி டன்னைத் தொட்டது. அதுவரை நாடு காணாத உச்சம் அது. நேர்மாறான ஆண்டும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் ஊரடங்கால் நாட்டின் ஜி.டி.பி. 23.9 சதவீதம் சரிந்தது என்று முதல் மதிப்பீடு சொன்னது. அந்த ஜூன் 12-ல்தான் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் குறித்த நாளில் திறந்தது, காவிரி டெல்டாவில் குறுவை செழித்தது. 2023-24-ல் நாடு 8.2 சதவீதம் வளர்ந்தது என்றார்கள், பிறகு அதை 9.2 என்று திருத்தினார்கள். டெல்டாவில் அந்த ஆண்டு தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-லேயே அணையை மூட நேர்ந்தது. நாட்டின் பொருளாதாரச் சுழற்சி ஒரு தாளத்தில் ஓடுகிறது, டெல்டாவின் சுழற்சி வேறு தாளத்தில் ஓடுகிறது. நாட்டின் எண்ணைப் பார்த்து டெல்டாக்காரர் கடன் வாங்கவும் கூடாது, கலங்கவும் கூடாது. ஆனால் அந்த எண் பிறக்கும் இடங்களில் ஒன்று அவருடைய ஊர் வயல். அங்கே நடக்கும் அளவைக் கண்காணிப்பது அவருடைய உரிமை. அதை விட்டுக்கொடுத்தவர்களுக்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் கைநழுவிப் போகிறது.

பொருளாதார வல்லுநர்கள் சுழற்சியை எப்படிப் பின்தொடர்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். அவர்கள் குறியீடுகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். வரப்போவதை முன்கூட்டிக் காட்டுபவை ஒரு வகை: புதிய ஆர்டர்கள், பங்குச்சந்தை, தொழில் நிறுவனங்களிடம் ரிசர்வ் வங்கி கேட்கும் எதிர்பார்ப்புகள். நடப்போடு சேர்ந்து நகர்பவை இன்னொரு வகை: தொழில் உற்பத்திக் குறியீடு, மின்நுகர்வு, ஜி.எஸ்.டி. வசூல். எல்லாம் முடிந்தபின் தெரிபவை மூன்றாவது: வாராக்கடன், வேலையின்மை. இத்தனை இருந்தும் திருப்புமுனையைப் பிடிப்பது கடினம். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வல்லுநர் குழு இருக்கிறது. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தத்தை அது அறிவித்தது 2008 டிசம்பரில். இந்தியாவில் அப்படி உச்சத்துக்கும் சரிவுக்கும் தேதி குறிக்கும் அதிகாரபூர்வக் குழுவே கிடையாது. காலாண்டு ஜி.டி.பி. அந்தக் காலாண்டு முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து வருகிறது. முழு ஆண்டுக்கான முதல் முன்மதிப்பீடு ஜனவரி முதல் வாரத்தில் வெளியாகும்போது தஞ்சாவூரில் பாதிச் சம்பா இன்னும் கதிரில் நிற்கிறது. வல்லுநர்கள் மீது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அவர்கள் கேட்கும் கேள்வி நாடு முழுமைக்குமானது. டெல்டாவின் கேள்விக்கு அதில் பதில் தேடுவதுதான் தவறு.

டெல்டாவுக்கென்று முன்னோடிக் குறியீடுகள் உண்டு, அவை அனைவர் கண்ணுக்கும் தெரிபவை. குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, கர்நாடக அணைகளுக்கு வரும் நீர், மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் பதிவாகும் வரத்து, மேட்டூரின் மட்டம். 120 அடி உயரத்துக்கு நிரம்பினால் 93.47 டி.எம்.சி. கொள்ளும் அணை அது. காவிரி வழக்கின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு செய்தது. மாதவாரிப் பங்கீட்டில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95. இந்த மாத எண்களையும் பிலிகுண்டுலுவில் உண்மையில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, ஜூலை மாதக் கடைசியிலேயே குறுவையின் போக்கு பெருமளவு புரிந்துவிடும். வானிலைத் துறை ஏப்ரலிலும் மே இறுதியிலும் சொல்லும் தென்மேற்குப் பருவமழை முன்னறிவிப்பை இதற்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. அதன் முதன்மை எண் நாடு முழுவதற்கான சராசரி. ராஜஸ்தானில் கொட்டித் தீர்த்து குடகில் பொய்த்தாலும் அந்தச் சராசரி ‘இயல்பு’ என்றே நிற்கும். சம்பாவுக்கு வேண்டியது வடகிழக்குப் பருவமழைக்கான தனி முன்னறிவிப்பு.

அப்படியானால் தேசியக் கணிப்புகளை டெல்டாக்காரர் ஒதுக்கிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது, ஏனென்றால் அந்தக் கணிப்பை வைத்து எடுக்கும் முடிவுகள் இங்கே வந்து இறங்குகின்றன. எல் நினோ அச்சமும் அரிசி விலையேற்றமும் சேர்ந்த 2023-ல், ஜூலை 20 அன்று மத்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 செப்டம்பர் 28 வரை அந்தத் தடை நீடித்தது. விலைவாசியை அடக்க எடுத்த முடிவு அது. நெல் விற்பவருக்கு வெளிச்சந்தையின் ஒரு கதவை அது மூடியது. நாடு முழுமைக்கும் போட்ட கணக்கில் டெல்டா சின்னப் புள்ளிதான், ஆனால் அந்தக் கணக்கின் விளைவு டெல்டாவுக்கு முழுசாகவே வந்து சேர்கிறது. அதனால்தான் அந்தக் கணக்குக்கான அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்று அறிவது அவசியம்.

நாட்டின் நெல் உற்பத்தி என்று வரும் எண் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று சாகுபடிப் பரப்பு. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேடு அதன் ஊற்றுக்கண். இன்னொன்று ஹெக்டேருக்கான விளைச்சல். அதைப் பயிர் அறுவடைப் பரிசோதனை தருகிறது. குலுக்கல் முறையில் சர்வே எண் தேர்வாகும். அந்த வயலுக்குள் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதையும் எண் அட்டவணைதான் சொல்லும். அலுவலரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. நான்கு மூலையில் முளை அடித்து, கயிறு இழுத்துக் கட்டி, உள்ளே இருக்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். கயிற்றுக்கு அடியில் நிற்கும் குத்துகளை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் 1940-களில் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் பரிசோதனைச் சதுரத்தின் அளவு பற்றி நடத்திய பெரிய விவாதத்தின் உயிர்நாடியே அதுதான். சதுரம் சிறுத்தால் ஓரத்துப் பயிர் உள்ளே வந்துவிடும், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று சுகாத்மே காட்டினார்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் இதே முறையைத்தான் சார்ந்திருக்கிறது. கிராமத்துக்குக் குறைந்தது நான்கு பரிசோதனை. 25 சதுர மீட்டரில் கிடைத்த கிலோவை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல். ஒரு கிராமத்தின் உத்தரவாத விளைச்சல் 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு சதுரங்களின் சராசரி 9 கிலோ என்றால் விளைச்சல் 3,600. பத்தில் ஒரு பங்கு குறைவு, காப்பீட்டுத் தொகையில் பத்து சதவீதம் அந்த ஊரில் பதிவு செய்த அத்தனை பேருக்கும் வரும். சராசரி 10 கிலோ என்றால் ஒருவருக்கும் ஒரு ரூபாய் வராது. இனி ஈரப்பதத்தைப் பாருங்கள். 24 சதவீத ஈரத்தில் அறுத்த 10 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 9 கிலோவுக்கும் கீழே போய்விடும். மழைக்கால அறுவடையில் உலர் எடைக்கான கழிவைப் போடாமல் விட்டால், அந்த ஈரமே ஊரின் இழப்பீட்டைக் குடித்துவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பும் நாட்டில், அதே ஈரத்தைப் பரிசோதனை எடையிலும் கழிக்கச் சொல்லிக் கேட்பது சலுகை கோருவதாகாது. பரிசோதனை என்றைக்கு, எந்த சர்வே எண்ணில் என்று வேளாண் அலுவலகத்தில் முன்கூட்டிக் கேளுங்கள். எடை போடும்போது ஊரார் நாலு பேர் நில்லுங்கள். ஈர எடை, உலர் எடை இரண்டையும் எழுதி வையுங்கள். அந்த விவரங்களை அலுவலகம் தராமல் போனால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஊரார் நின்றால் எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவார்களே என்ற ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் உடனிருக்கத் திட்டமே இடம் தருகிறது. ஒரு தரப்பு மட்டும் சாட்சியாக இருப்பது நியாயமில்லை. அதைவிட வலுவான பதில் கணக்கிலேயே இருக்கிறது. உத்தரவாத விளைச்சல் என்பது கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியிலிருந்து வருகிறது. இந்த ஆண்டு பொய்யாகக் குறைத்த எடை அந்த ஏழில் ஒன்றாகப் போய் உட்கார்ந்து, வரும் ஆண்டுகளின் உத்தரவாதத்தையே இறக்கக்கூடும். உண்மை எடைதான் ஊருக்கு லாபம். செயற்கைக்கோள் வந்தபின் தராசு எதற்கு என்பவர்களும் உண்டு. 2023 காரிஃப் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு 30 சதவீத இடம் கொடுத்திருக்கிறார்கள். மீதி இன்னும் தரையில் எடுக்கும் எடைதான். வானத்திலிருந்து பார்த்தால் பச்சை தெரியும், கதிருக்குள் பதர் தெரியாது.

பரிகாரங்களுக்குக் கெடு உண்டு, தவறுவது பெரும்பாலும் அங்கேதான். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், பதிவு பெரும்பாலும் நவம்பர் 15-ல் முடியும். எந்தப் பருவம், எந்தப் பயிர் அறிவிக்கை செய்யப்பட்டுள்ளது என்பதை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுத்து வயலில் காயப் போட்ட நெல் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தப்பிய மழையிலோ கெட்டால் தனி இழப்பீடு உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ வங்கியிலோ வேளாண் அலுவலகத்திலோ சொல்லிப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். பணம் பிடித்த வங்கி சர்வே எண்ணைத் தப்பாக ஏற்றி இழப்பீடு நின்றுபோனால் பொறுப்பு வங்கியுடையது. காப்பீட்டு நிறுவனம் குறித்த கெடுவைத் தாண்டினால் 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வாயால் சொல்வதோடு நிற்காமல் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மாநில நிவாரணம் இதிலிருந்து வேறு: 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழைக்கு, 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ. 20,000 அறிவித்தார்கள். அதற்கு வயல்வாரிக் கணக்கெடுப்பில் பெயர் ஏற வேண்டும்.

இத்தனை கதவும் ஒருவருக்கு மூடியே இருக்கிறது: வாய்மொழிக் குத்தகையில் கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ மிராசுதார் நிலத்தையோ உழுபவர். விதையும் உரமும் கூலியும் அவர் போட்டது. அடங்கலில் பெயர் வேறொருவருடையது. காப்பீட்டுத் திட்டம் குத்தகைக்காரரையும் வாரக்காரரையும் ஏற்கிறது, ஆனால் காகிதம் கேட்கிறது. 1952-லேயே தஞ்சைக்கென்று குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த மண் இது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ல் தனிச் சட்டமும் வந்தது. அதன்படி மனு கொடுத்துப் பெயரைப் பதிவு செய்யக் கேட்கும் உரிமை குத்தகைக்காரருக்கு இன்றும் உண்டு. குத்தகைத் தொகை கட்டிய ரசீது, விதை வாங்கிய ரசீது, பக்கத்து வயல்காரரின் சாட்சி எல்லாம் அந்த மனுவுக்குத் துணை. நடவு முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் இந்தப் பசலியின் அடங்கலில் சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நவம்பர் 15-க்கு இன்னும் சில வாரங்கள் மிச்சமிருக்கும்போதே.