காலையில் ஏன் சர்க்கரை கூடுகிறது?

சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வயது 55. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. நெல் விளையும் ஊர். மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர். டாக்டர் சொன்னார், பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். சோற்றைக் குறைத்தார். இரவில் சோறே இல்லை. கீரை, பப்பு, ஒரு துண்டு மீன். அவ்வளவுதான்.

பகலில் சர்க்கரை நன்றாக இறங்கியது. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 168. மறுநாள் 172.

"அத்தை, ராத்திரி வெல்லம் ஏதாவது எடுத்தீங்களா?" என்று மருமகள் கேட்டாள். அந்த அம்மாவுக்கு அழுகை வந்து விட்டது. அவர் ஒன்றும் தின்னவில்லை.

பிறகு சர்க்கரை எங்கிருந்து வந்தது?

அவர் உடம்புக்குள்ளிருந்தே வந்தது. அறுவடை முடிந்ததும் நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கிறோம். வேண்டும்போது எடுக்கிறோம். நம் உடம்பிலும் ஒரு குதிர் உண்டு. அதுதான் கல்லீரல். சாப்பிட்டதில் மிஞ்சிய சர்க்கரையை அது சேர்த்து வைக்கும். சுமார் 100 கிராம் வரை அதில் இருக்கும். நாம் தூங்கினாலும் மூளை தூங்குவதில்லை. அதற்குச் சர்க்கரை வேண்டும். அதனால் இரவு முழுதும் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. குதிர் குறைந்தால் சும்மா இருக்காது. புரதத்திலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்யும். சோற்றை நிறுத்தினாலும் இந்த வேலை நிற்காது.

விடியும் நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. நாம் எழுந்து வேலை செய்ய உடம்பு தயாராகிறது. கார்டிசால் போன்ற சில சுரப்புகள் கூடுகின்றன. அவை கல்லீரலிடம் "சர்க்கரையை விடு" என்கின்றன. நோய் இல்லாதவருக்கு உடனே இன்சுலின் சுரந்து "போதும்" என்று தடுக்கும். சர்க்கரை நோயாளிக்கு அந்தத் தடுப்பு பலமில்லை. எனவே காலையில் ஏறி விடுகிறது. 1980களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் இதற்கு 'விடியல் நிகழ்வு' என்ற பொருளில் பெயர் வைத்து விட்டார்கள். யாரும் திருட்டுத்தனமாகத் தின்றதால் வருவது அல்ல இது.

மாவுச்சத்தை மிகவும் குறைத்தவர்களுக்கு வேறு ஒரு காரணமும் சேரலாம். தசைகள் கொழுப்பை எரித்துப் பழகி விடுகின்றன. காலையில் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அவ்வளவாக எடுப்பதில்லை.

சரி, அந்த அம்மா என்ன செய்தார்? ராத்திரிச் சாப்பாட்டையே விட்டு விட்டார். மாத்திரையை மட்டும் போட்டுக் கொண்டு படுத்தார். கிளிமிபிரைடு மாத்திரை அது. இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைப்பது. சாப்பாடு இல்லை, மாத்திரை உள்ளே போய் விட்டது. நடுராத்திரி 2 மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை. கை நடுக்கம். பேச்சுக் குழறியது. மகன் மீட்டரில் பார்த்தால் 52!

70க்குக் கீழே போனால் ஆபத்து. நல்லவேளை, நினைவு இருந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். ஏறியிருந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. புரை ஏறி மூச்சு அடைத்து விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் இப்படி ஆகலாம். முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை அவர் மாற்றுவார். டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் என்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே கேடு வரலாம்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். மூன்று நாள் மட்டும், ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். படுக்கும் முன், விடிகாலை 3 மணிக்கு, எழுந்தவுடன். ராத்திரிச் சாப்பாட்டை விடவே கூடாது. பார்க்கும் முன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மீட்டர் பொய் சொல்லும்!

அந்த நோட்டை எப்படிப் படிப்பது? படுக்கும்போதே 200 இருந்தால் இரவுச் சாப்பாடு அதிகம், அல்லது ரொம்ப நேரம் கழித்துச் சாப்பிட்டிருக்கிறார். 3 மணிக்கு 70க்குக் கீழே இருந்தால் மருந்து அதிகம். படுக்கும்போதும் 3 மணிக்கும் சரியாக இருந்து காலையில் மட்டும் ஏறினால், அது விடியல் நேரத்து ஏற்றம்.

அம்மாவின் நோட்டில் இருந்தது: 128, 122, 166.

சாப்பாட்டை 7 மணிக்கே முடிக்கச் சொன்னார் டாக்டர். சாப்பிட்டபின் 15 நிமிடம் தெருவில் நடக்க வேண்டும். இரவு மாத்திரையை மாற்றி மெட்பார்மின் கொடுத்தார். கல்லீரல் சர்க்கரையை விடுவதை அது குறைக்கும். காலையில் பட்டினி கிடக்காமல் பெசரட்டு சாப்பிடச் சொன்னார். 100 கிராம் பச்சைப்பயறில் 22 கிராமுக்கு மேல் புரதம் உண்டு.

"கேழ்வரகு சங்கடி எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாமா?" என்று அம்மா கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தப்பு. கேழ்வரகில் நார்ச்சத்து கூடுதல். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். ஒரு சிறிய உருண்டை போதும்.

சோற்றை அடியோடு விட வேண்டுமா? ரயில் ஏறினால் போய் விடக்கூடிய சென்னை ராயபுரத்தில் 1954ல் நீரிழிவு மருத்துவமனை தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். தானியத்தோடு நார்ச்சத்தும் நிறையச் சேர்ந்த உணவையே அவர் சொன்னார். இப்போது வந்த கணக்கு கொஞ்சம் வேறு. இந்தியர் சாப்பாட்டில் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இதை 50, 55 சதவீதத்துக்குக் கொண்டு வந்து பருப்பு, பயறு, மீனைக் கூட்டலாம் என்பது இந்த ஆய்வாளர்களின் யோசனை. குறைப்பதுதான் பேச்சு. சுத்தமாக நிறுத்துவது எல்லோருக்கும் தேவையில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மாவின் காலைக் கணக்கு 134. வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை இருந்தால் நல்லது. இன்னும் நாலு இறங்க வேண்டும். மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.9 வந்தது. பெரும்பாலோருக்கு 7க்குக் கீழே இருந்தால் போதும்.

இப்போது காலையில் மருமகள் வெல்ல டப்பாவைப் பார்ப்பதில்லை. நோட்டைத்தான் பார்க்கிறாள்.