ஊக்கிமாற்றியும் வண்டியின் மூச்சும்

மோட்டார் வண்டியின் புகைக்குழாய் கடைக்கோடியில் இருப்பது. ஆதலின் வண்டி வாங்குவோர் அதனைப் பெரிதும் நோக்குவதில்லை. ஆயினும் எஞ்சினின் நலத்தையும் அயலில் வாழ்வாரின் நலத்தையும் ஒருங்கே உணர்த்துவது அக்குழாயே. இக்காலத்துப் பெற்றோல் வண்டிகளில் அதன் வழியிடையே ஊக்கிமாற்றி என்னும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அதனைக் கழற்றிவிடின் புகை தடையின்றி வெளியேறும், வண்டியும் விரைந்தோடும் என்னும் எண்ணம் பலரிடத்து உண்டு. அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

பெற்றோல் முற்றாக எரியுமாயின் காபனீரொட்சைட்டும் நீராவியுமே தோன்றுதல் வேண்டும். எஞ்சினுள் அத்தகைய முற்றெரிவு நிகழ்வதில்லை. அதனால் காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன்கள், நைதரசனின் ஒட்சைட்டுகள் என மூவகை நச்சுப்பொருள்கள் வெளிப்படுகின்றன. இவற்றுள் முதலாவது நிறமும் மணமும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு இணைந்து ஒட்சிசன் உடலிற் பரவாது தடுப்பது.

ஊக்கிமாற்றியினுள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று உண்டு. அதன் நுண்துளைச் சுவர்களிற் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் என்னும் அருவிலை உலோகங்கள் மிக மெல்லிதாகப் படிந்துள்ளன. ஏறத்தாழ 300 பாகை செல்சியசு வரை சூடேறியதும் அவை தொழிற்படத் தொடங்கும். காபனோரொட்சைட்டும் ஐதரோகாபன்களும் ஒட்சியேற்றம் அடைகின்றன. நைதரசனின் ஒட்சைட்டுகள் ஒட்சிசனை இழந்து நைதரசனாகின்றன. கலியாணத்தை ஒப்பேற்றிவிட்டுத் தான் விலகி நிற்கும் தரகரைப்போல, ஊக்கி தாக்கத்தை விரைவுபடுத்துமேயன்றித் தான் செலவாவதில்லை. இம்மூன்றும் ஒருங்கே நிகழ வேண்டுமாயின் நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்றுச் சேர்தல் வேண்டும். அவ்வளவைக் காப்பதற்காகவே புகைக்குழாயில் ஒட்சிசன் உணரி வைக்கப்பட்டுள்ளது.

பிரான்சிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யூஜீன் ஊட்றி என்னும் பொறியியலாளர் 1950களிலேயே இத்தகைய கருவியை ஆக்கினார். ஆனால் அந்நாட் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் ஊக்கியின் மேற்பரப்பை மூடிப் பயனற்றதாக்கியது. எரிபொருள் தூய்மையானபின்னரே கருவி பரவியது. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டு வண்டிகளிலும், சென்னை உட்பட இந்தியப் பெருநகர்கள் நான்கிற் புதிய பெற்றோல் கார்களில் 1995 ஆம் ஆண்டிலும் அது இடம்பெற்றது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஆம் ஆண்டில் ஒழிந்தது.

எரிபொருள் மாறின் புகையும் மாறும் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் வேறு சான்று தேடவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின்பின் நிலவிய பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிற்று. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் சிறிதளவு பெற்றோலால் இயக்கப்பெற்று, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. எரிகலவையை மிகுதியாக நெருக்காத பழைய எஞ்சின்களாதலின் அவை அதனைத் தாங்கின. நோயாளரையும் முதியோரையும் சுமந்து சென்ற அவ்வண்டிகளின் பின்னே எரியாத எண்ணெயின் நெடி தெருவெங்கும் நின்றது. அது வேறு வழியற்ற காலத்துத் திறமை. வழியுள்ள காலத்தில் அந்நெடியை மீண்டும் வருவித்தல் திறமையாகாது.

இனி, மாற்றியமைத்தலின் பயனை நோக்குவாம். நலமான ஊக்கிமாற்றி புகைக்குக் கொடுக்கும் தடை சிறிதே. எனவே அதனை நீக்குவதால் வரும் வலுவும் சிறிதே. பின்னுள்ள உணரி குறையை அறிவிக்க, எச்சரிக்கை விளக்கு எரியும். பந்தயக் கார்களுக்கெனத் துளைகள் குறைந்த மாற்றிகளும் உண்டு. ஒரு சதுர அங்குலத்தில் 400 துளைகள் இருக்குமிடத்து அவற்றில் 200 இருக்கலாம். புகை எளிதிற் செல்லும். ஆயின் ஊக்கியைத் தொடும் பரப்புக் குறைதலாற் சுத்திகரிப்பும் குறையும்.

ஊக்கிமாற்றி அடைபட்டு வண்டி வலுக்குன்றுதல் உண்மையே. ஆனால் அடைப்பு நோயன்று, நோயின் குறியே. பிளக் தவறி எரிக்காது விட்ட பெற்றோல் மாற்றியினுட் சென்று எரிய, பீங்கான் உருகி வழி அடைபடும். தேய்ந்த பிஸ்ரன் வளையங்களினூடே ஏறும் எஞ்சின் எண்ணெயும் ஊக்கியின்மீது படியும். ஆதலாற் பிளக், உணரி, வளையங்கள், காற்று வடி ஆகியவற்றை முதலிற் சீர்செய்து, அதன்பின் பழுதுற்ற மாற்றிக்குப் பதிலாக அவ்வண்டிக்குரியதையே பொருத்துதல் முறை. எஞ்சினைத் திருத்தாது மாற்றியை மட்டும் புதுக்கினால் அதுவும் விரைவில் அழியும்.

2008 ஆம் ஆண்டில் இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. பெற்றோல் வண்டிகளிற் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அதன்கண் அளக்கப்படுகின்றன. ஆயின் நைதரசனின் ஒட்சைட்டுகள் அவ்வளவையில் அடங்கா. சான்றிதழ் பெற்றுவிட்டமையாலேயே வண்டியின் கடமை முடிந்ததாகக் கொள்ளலாகாது. ஒழுங்கைகளிலே சைக்கிளிற் பள்ளி செல்லும் பிள்ளைகளின் மூக்கு, அக்குழாயின் உயரத்திற்கு அதிக தொலைவில் இல்லை. வண்டியின் மூச்சைத் திருத்துவார் எண்ணவேண்டியது அவர்கள் மூச்சையுமாம்.