சர்க்கரை ஏறியதை உடம்பு எப்போது சொல்லும்?

126-க்கும் 180-க்கும் நடுவே

வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 126 மில்லிகிராமைத் தொட்டால் அது நீரிழிவுக் கணக்கு. ஆனால் ஏறக்குறைய 180 வரைக்கும் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடாமல் ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். அந்த அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். தாகம், அடிக்கடி சிறுநீர் எல்லாம் அதன் பிறகுதான். இடையில் இருப்பவர் “எனக்கு ஒண்ணுமே செய்யலையே” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த நிலையில் வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. கண்ணின் விழித்திரையும் கால் நரம்பும் அதற்குள்ளேயே கெடத் தொடங்கியிருக்கும்.

தாகம், சிறுநீர், இளைப்பு

சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டிவரும், நாக்கு வறளும். வெயில் காலத்தில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வயதான ஆண்கள் புராஸ்டேட் என்று நினைத்துக்கொள்வார்கள். தாகத்துக்குச் சோடாவும் ஜூஸும் குடித்தால் சர்க்கரை இன்னும் ஏறும்.

இன்சுலின் போதாமல் போனால், உண்ட சாப்பாட்டின் சத்து திசுக்களுக்குள் போகாது. உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைக்கப் பார்க்கும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது இதனால்தான். “நல்லா இளைச்சிட்டீங்களே!” என்ற பாராட்டில் மயங்க வேண்டாம்.

வேறு பெயரில் வருபவை

சர்க்கரை கூடிக் குறையும்போது கண்ணின் லென்ஸில் நீர்ச்சத்து மாறி, பார்வை மங்கும். பலரும் நேரே கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அந்தப் புதுக் கண்ணாடி பொருந்தாமல் போய்விடும். புதுக் கண்ணாடிக்குச் சில வாரம் பொறுக்கலாம். கண் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பு, வெள்ளைப் படிவு, ஆண்களுக்கு முன்தோலில் வெடிப்பு: வெட்கத்தால் வெளியே வராத அறிகுறிகள் இவை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பூஞ்சைக்குச் சர்க்கரை நல்ல தீனி என்பதால், அது குறையாமல் அரிப்பும் நிற்காது.

பிள்ளைகளின் பின்கழுத்தில் படரும் வெல்வெட் போன்ற கருமையைக் கடலை மாவு போட்டுத் தேய்க்கிறோம். பெரும்பாலும் அது அழுக்கே அல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். சர்க்கரை ஏறுவதற்குப் பல காலம் முன்பே தெரியக்கூடியது என்பதால், இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

பாத எரிச்சல், மதமதப்பு, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, ஆறாத புண் ஆகியவை தாமதமாக வருபவை.

அறிகுறிக்குக் காத்திராமல்

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. 30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தாலோ, கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ அதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல் இருந்து ‘பாஸ்’ ஆகிறவர்களை அறிவேன். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி-யிடம் அது பலிக்காது; 6.5 சதவீதமோ மேலோ என்றால் நீரிழிவு. ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் அந்த எண் மாறிக் காட்டலாம்.

“சுகர் ஏறினா எனக்கே தெரிஞ்சிடும்” என்கிற பழைய நோயாளிகளும் மீட்டரைத்தான் நம்ப வேண்டும். நாள்பட ஏறியே இருக்கும் சர்க்கரைக்கு உடம்பு பழகிவிடும்.

உடனே மருத்துவமனை

வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகவேகமாக மூச்சு வாங்குதல், மூச்சில் பழவாடை ஆகியவை ரத்தத்தில் அமிலம் சேர்வதைக் காட்டும். படுக்கையில் நனைப்பதை விட்டிருந்த குழந்தை மறுபடி நனைத்து, இளைத்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். முதியவர்கள் காய்ச்சலுக்குப் பிறகு சோர்ந்து, பேச்சுக் குழறி, மயக்கமாகக் கிடந்தால் வயசு என்று விடக் கூடாது.

சாப்பிடவில்லையே என்று இன்சுலினைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. அளவை மருத்துவரிடம் கேளுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மீட்டரில் எண்ணுக்குப் பதில் ‘ஹை’ என்று வந்தால், அந்தக் கருவி அளக்கக்கூடிய எல்லையையே சர்க்கரை தாண்டிவிட்டது என்று பொருள்; 108-ஐ அழையுங்கள்.