பழைய கணினியைக் கைவிடலாமா?

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்குக் கணினி வெறும் பொழுதுபோக்குக் கருவி அன்று. பிள்ளைகளின் பாடமும், ஊரிலுள்ள பெரியோரின் முகமும், உற்றார் உறவினரின் பேச்சும் அதன் வழியே இல்லத்தினுள் வருகின்றன. யாம் ஆனேக்கல்லில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எம் இல்லத்திலும் ஒரு மடிக்கணினி உண்டு. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை, பெங்களூர் எஸ்.பி. சாலையில் குறைந்த விலைக்கு வாங்கினோம்.

பதினான்கு வயதுடைய எம் மகன் ஞாயிறுதோறும் மாலையில், தருமபுரியிலுள்ள அத்தை மக்களோடு அதில் விளையாடுவான். ஆட்டத்தினும் பேச்சே மிகுதி. பாட்டிக்கு முழங்கால் வலி தணிந்ததா, ஏரியில் நீர் வந்ததா, மாடு கன்று ஈன்றதா என்னும் செய்திகள் யாவும் அவ்வாட்டத்தினூடேதான் எம் செவிக்கு எட்டும். ஆதலின் அவ்வாட்டம் நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது, கவலை மகனுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

நிகழ்ந்தது இதுதான். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொண்ட இல்லத்தார்க்குப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கென ஓராண்டுத் தவணை கொடுத்தது. விண்டோஸ் 11 வேண்டுமாயின் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன ஒன்றும் இருத்தல் வேண்டும். எம்முடையதோ ஆறாம் தலைமுறை. “புதிது வாங்கிவிடுங்கள் ஐயா; நாற்பதாயிரத்துக்குக் குறையாது” என்றார் கடைக்காரர். அஃது எம் ஒரு திங்கள் ஊதியம்.

அலுவலக நண்பர் ஒருவர், லினக்ஸை நிறுவலாமே என்றார். லினக்ஸ் எமக்கு முற்றும் புதிதன்று. தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோசுடன் சி-டாக் நிறுவனத்தின் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்ததுண்டு. எம் தம்பி பெற்ற கணினியிலும் அஃது இருந்தது. “இதில் ஆட்டம் ஒன்றும் ஓடாது” என்று கூறி அவன் அதனைத் திறந்து பார்த்ததே இல்லை. இப்பொழுது எம் மகனும் அதே ஐயத்தையே எழுப்பினான்: “அப்பா, லினக்ஸில் என் ஆட்டம் ஓடுமா?”

ஓடும் என்பதே விடை. அஃது எங்ஙனம் என்பதை எம் தொழிலைக் கொண்டே விளக்குவோம். எம் பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் வந்து, தத்தம் மொழியில் ஊரின் பெயரைச் சொல்லிச் சீட்டுக் கேட்பர். சீட்டு அச்சிடும் பொறி அம்மொழிகளை அறியாது. இடையில் இருக்கும் எழுத்தர், கேட்டதைப் பொறிக்கு ஏற்றவாறு மாற்றித் தருகிறார். பயணி தம் மொழியை மாற்றிக்கொள்ள வேண்டுவதில்லை. பொறியும் மாற வேண்டுவதில்லை.

விண்டோசுக்கென எழுதப்பட்ட ஆட்டமும் இத்தகைய பயணியே. “சாளரத்தைத் திற, கோப்பைப் படி, ஒலியை எழுப்பு” என்று அது விண்டோஸ் மொழியில் கேட்கும். லினக்ஸுக்கு அம்மொழி தெரியாது. இடைநின்று அவ்வேண்டுகோளை லினக்ஸ் மொழியில் மாற்றிக் கொடுக்கும் எழுத்தர்தான் ‘வைன்’ என்னும் மென்பொருள். பெயரைக் கேட்டு இல்லத்தரசியர் அஞ்ச வேண்டா. இஃது மது அன்று! ‘வைன் ஒரு போலிப்பொறி அன்று’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். கணினிக்குள் மற்றொரு கணினியை அது நடிப்பதில்லை; வேண்டுகோளை மாற்றித் தருவதோடு நிற்கிறது. ஆகையால் வேகம் பெரிதும் குன்றுவதில்லை.

இப்பணி 1993இல் தொடங்கியது. 1994 முதல் அலெக்சாந்தர் சூலியார் என்பார் தலைமை தாங்கிவருகிறார். முதல் நிலையான பதிப்பாகிய வைன் 1.0 வெளிவந்தது 2008இல்தான். பதினைந்து ஆண்டுகள் பொறுமையாக உழைத்துக் கட்டியதை எவரும் விலையின்றிப் பெறலாம் என்று உலகுக்கு வழங்கியிருக்கின்றனர்.

ஆட்டங்களுக்கு இதன்மேலும் ஓர் உதவி வேண்டியிருந்தது. திரையில் உருவங்களை வரைய, விண்டோஸ் ஆட்டங்கள் டைரக்ட்3டி என்னும் முறையைக் கையாளுகின்றன. அதனை, லினக்ஸில் இயங்கும் வல்கன் முறைக்கு மாற்றுவது டி.எக்ஸ்.வி.கே. என்னும் மென்பொருள். வைனையும் இதனையும் பிற துணைக்கருவிகளையும் ஒன்றுசேர்த்து, கோட்வீவர்ஸ் குழுவினரின் துணையோடு வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ‘புரோட்டான்’ என வெளியிட்டது. அந்நிறுவனம் 2022இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்க ஆட்டப்பொறியும் லினக்ஸில், புரோட்டானின் துணையோடு இயங்குவதே.

நிற்க. செய்முறைக்கு வருவோம். லினக்ஸ் மின்ட் போன்ற எளிய வகையொன்றைப் பென் டிரைவில் ஏற்றி, முதலில் அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்த்தல் நன்று. ஒலி, வைஃபை, திரை ஆகியவை செவ்வனே இயங்குகின்றனவா என்பதை, எதையும் அழிக்காமலே அறியலாம். நிறுவிய பின் ஸ்டீம் மென்பொருளை இறக்கிக்கொள்ளுதல் வேண்டும். ஆட்டத்தின் பெயரை வலப்பக்கம் சொடுக்கி, பண்புகள் பகுதியிலுள்ள ஒத்தியங்கல் என்னும் பிரிவில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய ஆட்டங்களுக்கு லூட்ரிஸ், ஹீரோயிக் ஆகியவை உண்டு. தம் ஆட்டம் ஓடுமா என்பதைப் பிறர் பட்டறிவைக் கொண்டு முன்னரே அறிய, ‘புரோட்டான்டிபி’ என்னும் தொகுப்பு உதவும். மிகப் பழைய கணினிகளில் வல்கன் வசதி இல்லாமற் போகலாம். அதனையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எம் பிழை ஒன்றையும் மறையாது கூறிவிடுகிறோம். ஆர்வ மிகுதியால், கோப்புகளைப் படியெடுத்து வைக்காமலே நிறுவத் தொடங்கிவிட்டோம். மறைந்த எம் மாமனாரின் ஒளிப்படங்கள் சில அதிலிருந்தன. அவை போயின, திரும்பவில்லை. எம் மனைவி இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை. அதில் நியாயம் உண்டு. படியெடுத்து வேறோரிடத்தில் வைத்த பின்னரே கணினியில் கை வையுங்கள் என்று அன்பர்களை வேண்டுகிறோம்.

எல்லா ஆட்டமும் ஓடும் என்று எண்ணிவிடவும் கூடாது. பலர் இணைந்து ஆடும் சில ஆட்டங்களில், ஏமாற்றுவோரைத் தடுக்கும் காவல் மென்பொருள் உண்டு. அது சாளரத்தில் நின்று கேட்பதோடு அமையாது. நிலைய அதிபரின் உள்ளறைக்கே சென்று பூட்டுகளைச் சோதிப்பேன் என்னும். எழுத்தர் என் செய்வார்? வலோரண்ட், ஃபோர்ட்நைட் ஆகியவை இக்காரணத்தால் லினக்ஸில் ஓடுவதில்லை. இத்தகைய காவல் மென்பொருள்களுள் இரண்டு, புரோட்டானோடு இயங்கும் வசதியை 2021இல் பெற்றன. எனினும் ஆட்டத்தை வெளியிடுவோர் இசைவு தந்தால்தான் அது பயன்படும். தந்த இசைவைத் திரும்பப் பெறுவதும் உண்டு. லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஏப்பெக்ஸ் லெஜண்ட்ஸ் ஆட்டத்துக்கு 2024ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வழி அடைக்கப்பட்டது. ஆகவே பிள்ளைகளிடம் முன்னரே எண்ணிச் சொல்லிவிடுங்கள். வாக்களித்துப் பின் கைவிரிப்பது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும்.

எம் மகன் ஆடியவை மூன்று. அவற்றுள் ஒன்று இவ்வாறு நின்றுபோயிற்று. முகம் வாடியவன், பின்னர்த் தானே தேறினான். எஞ்சிய இரண்டனுள் ஒன்று, 2019இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. இதற்கு லினக்ஸ் வடிவம் இல்லை. ஆயினும் புரோட்டானில் ஓடுகிறது. 2022இல் இதற்கு வந்த இந்திய அரசமரபுகள் பற்றிய பிற்சேர்க்கையில், இராசேந்திர சோழனின் படையெடுப்பும் ஒரு தொடராக உண்டு. கடல் கடந்து சென்ற சோழனின் கலங்கள், கழித்துவிட்ட கணினியின் திரையில் மிதப்பதை எம் மகன் தன் தாயை அழைத்துக் காட்டினான்.

அடுத்த ஞாயிறு மாலை, தருமபுரியில் விண்டோஸ் கணினியும் ஆனேக்கல்லில் லினக்ஸ் கணினியுமாக ஆட்டம் நடந்தது. “உன் பெட்டி மாறிவிட்டதா? எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே!” என்று வியந்தனர் அத்தை மக்கள். பாட்டிக்கு முழங்கால் வலி சற்றுத் தணிந்திருக்கிறதாம்.

நாற்பதாயிரம் ரூபாய் எம்மிடமே இருக்கிறது. புதிய கணினி வாங்குவது தவறு என்று யாம் கூறவில்லை. வசதி உடையோர் வாங்கட்டும். ஆயின், பழையது பயனற்றது என்று பிறர் சொன்ன அளவிலே அதனைக் கழித்துவிடாமல், ஒரு பென் டிரைவையும் ஒரு விடுமுறை நாளையும் செலவிட்டுச் சோதித்துப் பார்த்தல் நன்று. ஐயமுடைய அன்பர்கள் சங்கத்தின் வழியாக எழுதுவார்களாயின், யாம் அறிந்த அளவு விடை எழுதக் காத்திருக்கிறோம்.